நலிந்த அரசுப் பள்ளிகளிலேயே ஆசிரியர் சிக்கல் ஏன் குவிகிறது?

ஊர்ப்பள்ளி:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது ஒரே ஆசிரியர் தேர்வு வாரியம். ஊர் எதுவானாலும் ஒரே நிலை ஆசிரியருக்குப் படிப்புத் தகுதியும் சம்பள விதியும் ஒன்றுதான். அப்படியிருந்தும் டவுனை ஒட்டிய பள்ளியில் பாடம் நன்றாக நடக்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போனால் ஆசிரியர் இல்லை, இருந்தால் அந்தப் பாடத்துக்குரியவர் இல்லை, உரியவர் வந்தாலும் இரண்டு வருடத்தில் கிளம்பிவிடுகிறார். பிள்ளைகள் ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் பள்ளிக்கு நல்ல ஆசிரியர் முதலில் போக வேண்டாமா? இது தனிப்பட்ட ஆசிரியர்களின் அக்கறையின்மையா, அல்லது முறையே அப்படி அமைந்திருக்கிறதா? பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்குப் பயன்படும்படி, நடைமுறை தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

சுண்ணக்கட்டி:

முறைதான். அதன் ஒவ்வொரு விதியையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தெரியும். எல்லாம் சேர்ந்து செய்யும் வேலைதான் கொடுமை.

காலியிடம் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். வரிசை ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், ஆனால் பொதுவாக முதலில் உபரி ஆசிரியர்களுக்குப் பணிநிரவல், அதாவது அவர்களை ஆள் குறைந்த பள்ளிக்கு மாற்றுவது. அடுத்து மாறுதல் கலந்தாய்வு: ஒன்றியத்துக்குள், மாவட்டத்துக்குள், கடைசியில் மாவட்டம் விட்டு மாவட்டம். பிறகு பதவி உயர்வுக் கலந்தாய்வு. இத்தனை பேரும் தங்களுக்குப் பிடித்த இடத்தை எடுத்த பின் மிஞ்சியிருப்பதைத்தான் புதிதாகத் தேர்வானவர்களுக்குக் காட்டுவார்கள். அதாவது, அனுபவமுள்ள யாருமே வேண்டாம் என்று விட்ட பள்ளிக்கு, வகுப்பறையில் ஒரு நாள்கூடத் தனியாக நின்றிராதவர் போகிறார். ஆசிரியர் கைதேறுவது பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில். அந்த ஆண்டுகளை மிகக் கடினமான பள்ளியில் கழித்துவிட்டு, தேறிய கையோடு ஊர்ப்பக்கம் மாறுதல் வாங்கிக்கொள்கிறார். அந்த இடத்துக்கு இன்னொரு புதியவர். ஆக, பள்ளி எப்போதும் பயிற்சிக் களமாகவே இருக்கிறது.

இதில் வடக்கு–தெற்குச் சிக்கலும் உண்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரைப் பக்கம் ஆசிரியர் படிப்பு முடித்தவர்கள் அதிகம், காலியிடம் குறைவு. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தருமபுரி, கிருஷ்ணகிரியில் நேர்மாறு. தெற்கிலிருந்து வருபவர் வாடகை வீட்டில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, அடுத்த கலந்தாய்வு எப்போது என்று காத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கைக் கணக்கு. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்யும் பணியாளர் நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 அன்றைய எண்ணிக்கையை எடுப்பார்கள். 63 பிள்ளைகள் உள்ள பள்ளியில் மூவர் ஆங்கிலவழிப் பள்ளி வேனில் ஏறினால் ஒரு பணியிடம் உபரி. அப்போது வெளியேறுவது யார்? மூத்தவர் தாமாக முன்வந்தால் ஒழிய, பணியில் இளையவர். பெரும்பாலும் பிள்ளைகளோடு ஓடியாடி, பாட்டும் கதையுமாக வகுப்பெடுத்தவர் அவர்தான். எஞ்சிய இருவர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறார்கள். ஒருவருக்குப் பயிற்சி அல்லது விடுப்பு என்றால் ஐந்தும் ஒருவர் தலையில். இதைப் பார்க்கும் அடுத்த பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறைகிறது. இரண்டு ஆசிரியருக்குக் கீழே அட்டவணை இறங்காது என்பதால் காகிதத்தில் பள்ளி பிழைத்துக்கொள்ளும். வகுப்பறையில் அப்படியில்லை.

உபரி என்று அனுப்பப்பட்ட அந்த இளையவரும் விரும்பிப் போனவர் அல்லர். வேறு எங்கோ யாரும் எடுக்காத இடத்துக்குப் போயிருப்பார்.

தனியார் பள்ளிகளில் அரசே கட்டணம் செலுத்தும் 25 விழுக்காட்டு இடஒதுக்கீடும் இந்தச் சுழலைச் சற்று வேகப்படுத்துகிறது. விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் வாங்கி, குலுக்கல் நாளுக்கு நேரில் போகக்கூடிய பெற்றோர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். பள்ளியில் கேள்வி கேட்கக்கூடிய பெற்றோரும் அவர்களே.

மலையடி:

சுண்ணக்கட்டி சொன்னது சமவெளிக்கு. மலைப்பள்ளிகளில் இதைவிடக் கடினம், காரணங்களும் கொஞ்சம் வேறு.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, சத்தியமங்கலம் மலைப்பகுதிகளில் பல பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் இல்லை. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் என்று தனித் துறையின்கீழ் நடக்கின்றன. ஆசிரியர் தொகுதியே தனி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் உபரியாக ஓர் ஆசிரியர் இருந்தாலும் துறை வேறு என்பதால் எளிதில் இங்கே வர முடியாது. உள்ள ஆசிரியரே விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் பார்ப்பது இங்கே வழக்கம். அரிசி, பருப்பு இருப்பு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், சமையலர் வராத நாள், எல்லாம் அவர் தலையில். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவரேதான் கணக்குப் பாடமும் எடுக்க வேண்டும்.

மலையில் குடும்பத்தோடு தங்க வீடு கிடைப்பது அரிது. அதனால் அடிவாரத்து ஊரில் தங்கி ஏறி இறங்குகிறார்கள். பள்ளி நேரத்தைப் பேருந்து நேரம் தீர்மானிக்கிறது. 2003இல் இந்தியா முழுக்க 20 மாநிலங்களில் சுமார் 3,700 பள்ளிகளில் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்த ஆய்வில் 25 விழுக்காடு ஆசிரியர்கள் பணியில் இல்லை. அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது: தார்ச்சாலைக்கு அருகில் இருக்கும் பள்ளிகள், கட்டட வசதி உள்ள பள்ளிகள், அண்மையில் ஆய்வு அலுவலர் வந்துபோன பள்ளிகள் ஆகியவற்றில் வராமை குறைவாக இருந்தது. கூடுதல் சம்பளம் வாங்குபவர் ஒழுங்காக வருகிறார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆசிரியர் போகச் சிரமப்படும் சாலையில் வட்டாரக் கல்வி அலுவலரின் ஜீப்பும் சிரமப்பட்டுத்தான் போகும். நல்ல ஆசிரியர் போகாத இடத்துக்கு மேற்பார்வையும் போவதில்லை.

மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் இருளர், குறும்பர், சோளகர் வீட்டுப் பிள்ளை முதல் வகுப்புக்கு வரும்போது பாடப்புத்தகத் தமிழை முதன்முறையாகக் கேட்கிறது. அந்தப் பேச்சு தெரியாத ஆசிரியர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் முதல் ஆண்டில் பாதி வீண். பேச்சு பிடிபடும் நேரத்தில் மாறுதல் ஆணை வந்துவிடுகிறது.

ஊருக்கு அருகில் வேலை பார்க்க விரும்புவது உலகெங்கும் ஆசிரியர்களிடம் உள்ள இயல்பு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1999 முதல் 2002 வரை பணியில் சேர்ந்தவர்களைப் பார்த்தபோது, சுமார் 85 விழுக்காட்டினர் தாங்கள் வளர்ந்த ஊரிலிருந்து 40 மைலுக்குள் இருக்கும் பள்ளியிலேயே சேர்ந்திருந்தார்கள். ஆசிரியர்களை உருவாக்காத பகுதியில் ஆசிரியர் நிலைக்க மாட்டார். மலையிலேயே பிறந்து ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்த இளைஞர்களைத் தேர்வுக்குத் தயார்படுத்தி அதே மலையில் பணியமர்த்துவதைவிட நிலையான தீர்வு எனக்குத் தெரியவில்லை. மலைப்படி போன்ற சலுகைகள் உதவும், ஆனால் அந்தத் தொகை ஒரு குடும்பத்தை மேலே கொண்டுவரப் போதாது.

ஊர்ப்பள்ளி:

இரண்டு பதில்களுக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். நடுநிலைப் பள்ளிகளில் "ஆசிரியர் பணியிடம் முழுதாக நிரம்பியிருக்கிறது" என்று பதிவேடு சொல்கிறது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை. அது எப்படி? இன்னொன்று, சரியாகப் பாடம் நடத்தாத ஆசிரியர்மீது புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

கால அட்டவணை:

முதல் சந்தேகத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

6 முதல் 8 வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். சட்டப்படி குறைந்தது மூவர்: அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். நாளுக்கு 8 பாடவேளை என்றால் வாரத்துக்கு 40, மூன்று வகுப்புக்கு 120. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 40. ஒரு பாடவேளைகூட ஓய்வில்லை, நோட்டுத் திருத்த நேரமில்லை, ஒருவர் வராவிட்டால் மாற்றாள் இல்லை. பெரிய மேல்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு நாளுக்கு ஒன்றிரண்டு பாடவேளை ஓய்வு கிடைக்கும். ஒரே சம்பளத்துக்கு எங்கே பளு அதிகம் என்பது கலந்தாய்வில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இப்போது அந்த மூன்று பணியிடத்தில் வந்திருப்பவர்கள் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரி, காலியிடம் பூஜ்யம், பதிவேடு சுத்தம். கணக்கை ஆங்கில ஆசிரியர் எடுக்கிறார். அவர் திறமையற்றவர் அல்லர். தவறான பாடத்தில் நிற்க வைக்கப்பட்டவர். பின்னம், தசமம், இயற்கணிதம் எல்லாம் ஆறிலிருந்து எட்டுக்குள்தான் வேர் பிடிக்கின்றன. அங்கே போனது ஒன்பதாம் வகுப்பில் மீளாது.

எழுத்து வேலைதான் சின்னப் பள்ளியை உண்மையில் கொல்கிறது. எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, வருகைச் செயலி, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, சீருடை, காலணி, புத்தகப்பை வாங்கி வருவது, காலை உணவுக் கணக்கு, பயிற்சிக் கூட்டம். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது. 20 ஆசிரியர் உள்ள பள்ளியிலும் 2 ஆசிரியர் உள்ள பள்ளியிலும் நிரப்ப வேண்டிய படிவங்களின் வகை ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே அது இருபதில் ஒருவரின் நேரத்தைத் தின்கிறது. இங்கே தலைமையாசிரியரே ஒரு வகுப்பாசிரியரும் என்பதால் கற்பித்தலில் பாதி போய்விடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் சட்டமே ஆசிரியரை அனுப்ப அனுமதிக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக இரு ஆசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை எடுத்தால் என்ன மிஞ்சும்?

தலைமையாசிரியர் பணியிடமும் பல இடங்களில் காலி. பதவி உயர்வுக்கு டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டுமா என்ற வழக்கால் கலந்தாய்வுகள் நீண்ட காலம் முடங்கின. 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களுக்கும் டெட் வேண்டும், பதவி உயர்வுக்குக் கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் 2 ஆண்டுக்குள் தேற வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் மூத்த ஆசிரியர்களின் கவலையும் இப்போது வகுப்பறைக்குள் வந்திருக்கிறது. தலைமையாசிரியர் இல்லாத பள்ளியில் மூத்த ஆசிரியர் "பொறுப்பு" பார்ப்பார். அதாவது அவருடைய வகுப்பும் பாதி காலி.

பதிவேடு:

இரண்டாவது சந்தேகத்துக்கும், தற்காலிக ஆசிரியர் விஷயத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

புகார் உறுதியானால் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்படி, சிறு தண்டனைக்கான 17(அ) அல்லது பெருந்தண்டனைக்கான 17(ஆ) குற்றச்சாட்டு வழங்கலாம். 17(ஆ)வுக்கு விசாரணை அலுவலர், சாட்சி, விளக்கம், அறிக்கை என்று நீண்ட பாதை. பாடம் சரியாக நடத்தவில்லை என்பதைக் காகிதத்தில் நிரூபிப்பது பண மோசடியை நிரூபிப்பதைவிடக் கடினம். அதனால் அலுவலர்கள் கையில் எடுக்கும் எளிய வழி நிர்வாக மாறுதல். மாற்ற வேண்டுமென்றால் காலியிடம் வேண்டும். காலியிடம் எங்கே இருக்கிறது? சுண்ணக்கட்டி சொன்ன, யாரும் எடுக்காத பள்ளியில். புகார் கொடுத்த ஊரின் பெற்றோருக்கு நிம்மதி. புகார் எழுதத் தெரியாத ஊருக்கு அந்த ஆசிரியர். இதைத் தண்டனை இடம் என்று பேச்சுவழக்கில் சொல்லும்போதே, அந்த ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துத் தண்டிக்கிறோம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

தற்காலிக நியமனத்துக்கு வருவோம். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 13,331 இடங்களை நிரப்ப அனுமதி வந்தது: இடைநிலை 4,989, பட்டதாரி 5,154, முதுகலை 3,188. அப்போது அறிவித்த மாதத் தொகை முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். இந்தத் தொகைக்கு 30 கிலோமீட்டர் பயணம் செய்து யாரும் வர மாட்டார்கள். ஊரில் இயற்பியல் படித்தவர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கல்லூரி இருக்கும் நகரத்தை ஒட்டிய பள்ளிக்கு ஆள் கிடைக்கும், உள்கிராமத்துக்குக் கிடைக்காது. ஆக, காலியிடத்தை அடைக்க வந்த ஏற்பாடும் அதே சரிவிலேயே ஓடுகிறது. 2012இல் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் வாரம் மூன்று அரை நாட்கள்தான். ஓவியம், உடற்கல்வி, கணினி என்று எடுத்தவர்களையே ஆளில்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்புவதும் நடக்கிறது.

நிரந்தர நியமனம் ஏன் தாமதமாகிறது? டெட் ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் வழிகாட்டுதல். இங்கே 2013க்குப் பிறகு 2017, பின் 2019, அதற்கடுத்து 2022 அறிவிப்பு. டெட் தேர்ந்தவர்களுக்குத் தனியாக நியமனத் தேர்வு என்று 2018இல் ஆணை வந்தது. அந்த முறையில் பட்டதாரி ஆசிரியர் தேர்வு 2024 பிப்ரவரியிலும், இடைநிலை ஆசிரியர் தேர்வு 2024 ஜூலையிலும்தான் நடந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வு வயது 58, 59, 60 என ஏறியதால் காலியிடம் சிறிது காலம் மறைந்திருந்தது. பிறகு மொத்தமாக வெளிப்பட்டது.

சுண்ணக்கட்டி:

தற்காலிக ஆசிரியர் என்றாலே தரம் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2000களின் நடுவில் ஆந்திராவில் 100 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் குலுக்கல் முறையில் தலா ஓர் ஒப்பந்த ஆசிரியரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளின் கற்றல் உயர்ந்தது. ஒப்பந்த ஆசிரியர்கள் பள்ளிக்கு வராமல் இருந்தது நிரந்தர ஆசிரியர்களைவிடக் குறைவு. பெரும்பாலானோர் அந்தந்த ஊர்க்காரர்கள். மலையடி சொன்னதோடு இது பொருந்துகிறது. ஆனால் அங்கே அவர்கள் கூடுதல் கை. இங்கே நிரந்தர ஆசிரியர் இல்லாத இடத்தில் அவர் ஒருவரையே நிற்க வைக்கிறோம், அதுவும் கல்வியாண்டு முடிந்ததும் தொடர்வோமா என்று தெரியாத நிலையில். இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

ஊர்ப்பள்ளி:

புரிகிறது. அப்படியானால் மேலாண்மைக் குழு எங்கே கை வைக்கலாம்?

பதிவேடு:

ஆசிரியர் சரியில்லை என்று தொடங்காமல், முதலில் பணியிடக் கணக்கைக் கேளுங்கள். தலைமையாசிரியரிடமே கடந்த ஆகஸ்ட் 1 நிலவரப்படியான பணியாளர் நிர்ணய விவரம் இருக்கும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, பாடவாரியாக எது எது, பணிபுரிபவர் யார் என்று மூன்று நெடுவரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து மாற்றுப்பணி. உங்கள் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு பள்ளியிலோ அலுவலகத்திலோ வேலை பார்ப்பவர் இருந்தால், அந்த இடம் காலி என்று எந்தப் பட்டியலிலும் வராது. கலந்தாய்வில் யாரும் அதை எடுக்கவும் முடியாது. "முழுதாக நிரம்பியிருக்கிறது" என்று சொல்வதன் பின்னால் பல இடங்களில் இதுதான் இருக்கிறது. மாற்றுப்பணி ஆணையின் நாளையும் முடியும் நாளையும் கேட்டு, அவரைத் திருப்பி அனுப்பக் கோரிக் குழுவில் தீர்மானம் போடுங்கள். புதுப் பணியிடம் கேட்பதைவிட இது விரைவில் பலிக்கும். அரசுக்குக் கூடுதல் செலவு இல்லை.

பாடம் பொருந்தாமல் இருந்தால் "கணித ஆசிரியர் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். 6 முதல் 8 வரை எத்தனை பிள்ளைகள், வாரத்துக்குக் கணக்குப் பாடவேளை எத்தனை, இப்போது யார் எடுக்கிறார், அவருடைய பாடம் எது என்று நான்கு விவரமும் தீர்மானத்தில் இருக்கட்டும். நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புகை வாங்கி வையுங்கள். கலந்தாய்வு அறிவிப்பு வருவதற்கு முன்பே இது போய்ச் சேர வேண்டும். பின்னால் போனால் அடுத்த ஆண்டுதான்.

சேர்க்கையைப் பொறுத்தவரை 58, 59, 60 என்ற விளிம்பில் இருக்கும் பள்ளிகள் ஜூலை 31க்குள் வீடு வீடாகப் போக வேண்டும். அங்கே இரண்டு பிள்ளைகள் ஓர் ஆசிரியருக்குச் சமம்.

அலுவலகத்தில் விவரம் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 6(1)இன்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். பதிலுக்கு 30 நாள். "ஏன்" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: பணியாளர் நிர்ணய ஆணை, மாற்றுப்பணி ஆணைகள், கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தப் பள்ளிக்கு வந்தவர், போனவர் பட்டியல் நாளோடு, ஆய்வு அலுவலர் பள்ளிக்கு வந்த நாட்களின் பதிவு. இந்த நான்கும் கையில் இருந்தால் அலுவலகத்தில் பேசும் தொனியே மாறும்.